வைஃபை மட்டும் உள்ள இடத்தில் ஈதர்நெட் இணைப்பைப் பெறுவது எப்படி?

ரூட்டர் வேறொரு மாடியில் இருக்கிறது, அல்லது வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் மட்டும். இணைக்க வேண்டிய கருவியிலோ கேபிள் செருகும் போர்ட் மட்டும்தான் உண்டு: வைஃபை கார்டு இல்லாத டெஸ்க்டாப், பழைய லேசர் பிரிண்டர், கோப்புகளைச் சேமித்து நெட்வொர்க்கில் தரும் நாஸ் பெட்டி, இணையம் வழி பேசும் ஐபி ஃபோன், வைஃபை டிரைவர் இன்னும் ஏறாத புதிய லினக்ஸ் கணினி. இதற்கு நான்கைந்து வழிகள் உண்டு. எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான். நடுவில் ஒரு கருவி வைஃபையில் சேர்ந்துகொண்டு, அங்கே கிடைக்கும் இணைப்பைத் தன் ஈதர்நெட் போர்ட் வழியாக வெளியே கொடுக்கிறது.

கடைசி 2 மீட்டருக்குக் கேபிள் போட்டுவிட்டதால் வைஃபை போய்விடாது. காற்றில் போகும் தூரத்தில் உள்ள தாமதமும் குறுக்கீடும் அப்படியே இருக்கும். கேம் கன்சோலில் ஏற்கெனவே வைஃபை இருந்தும், பிங் (தாமத நேரம்) குறையும் என்ற ஆசையில் இதைச் செய்தால் பலன் கிடைப்பது சந்தேகம். நடுவில் வைக்கும் கருவிக்கு கன்சோலைவிட நல்ல ஆன்டெனாவோ நல்ல இடமோ இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இணைக்க வேண்டியது ஒரே ஒரு டெஸ்க்டாப்தான் என்றால் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைச் செருகி வேலையை முடித்துவிடலாம். அதே போல, மெயின் ரூட்டரைத் தொட உங்களுக்கு அனுமதி இருந்தால், அங்கிருந்து கேபிள் இழுப்பதை எதுவும் மிஞ்சாது. இழுக்க முடியாவிட்டால் மின்கம்பி வழியே டேட்டா அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஜோடியையோ, சுவரில் கோஆக்ஸ் கேபிள் (கேபிள் டிவிக்குப் போடும் கம்பி) ஏற்கெனவே இருந்தால் அதன் வழியே டேட்டா அனுப்பும் மோக்கா அடாப்டர் ஜோடியையோ முயன்று பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரு முனை ரூட்டரில் செருகப்பட வேண்டும். அது முடியாதவர்களுக்கானதுதான் மீதிக் கட்டுரை.

நாட்டா, பிரிட்ஜா?

நாட் என்றால் நடுவில் உள்ள கருவி பின்னால் தனி நெட்வொர்க் அமைப்பது; பிரிட்ஜ் என்றால் பின்னால் உள்ளதை மெயின் ரூட்டரின் நெட்வொர்க்கிலேயே சேர்ப்பது. கருவி வாங்கும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் வரும் தலைவலிகளில் பாதி இதைக் குழப்பிக்கொள்வதால் வருவதே.

வைஃபையில் சேரும் சாதாரணக் கருவி (கிளையன்ட்) அனுப்பும் ஃபிரேமில், அதாவது தகவல் பொட்டலத்தில், 3 மேக் முகவரிகளுக்குத்தான் (நெட்வொர்க் கருவிகளின் அடையாள எண்கள்) இடம் பயன்படுகிறது. அனுப்பும் ரேடியோவும் தகவலின் மூலக் கருவியும் ஒன்றே என்று அதில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே பின்னால் கேபிளில் இருக்கும் பிரிண்டரின் மேக் முகவரியைத் தாங்கிய ஃபிரேமை அந்தக் கிளையன்ட் அப்படியே அனுப்ப முடியாது. அந்த முகவரி ரூட்டரில் பதிவாகவில்லை என்பதால் ரூட்டர் அதை ஏற்காது. விண்டோஸில் வைஃபையையும் ஈதர்நெட்டையும் தேர்ந்தெடுத்து 'பிரிட்ஜ் கனெக்ஷன்ஸ்' கொடுத்தால் பல கணினிகளில் இணைப்பே போய்விடுவதற்குக் காரணம் இதுதான்.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள். முதலாவது நாட்: நடுவில் உள்ள கருவி பின்னால் தனியாக ஒரு சிறு நெட்வொர்க் அமைத்து, எல்லாவற்றையும் தன் பெயரிலேயே அனுப்புகிறது. கூட்டுக் குடும்பத்துக்கு வரும் தபால்களையெல்லாம் ஒருவர் பெயரில் வாங்கி உள்ளே பிரித்துக் கொடுப்பது போல. எந்த ரூட்டருடனும் இது வேலை செய்யும். இரண்டாவது போலி பிரிட்ஜ்: மேக் முகவரியை மட்டும் மாற்றி எழுதி, பின்னால் உள்ள கருவிக்கு மெயின் ரூட்டரின் எண் வரிசையிலேயே ஐபி (நெட்வொர்க் முகவரி) வாங்கிக் கொடுப்பது. எக்ஸ்டென்டர்களும் 'கிளையன்ட் மோட்' உள்ள ரூட்டர்களும் பெரும்பாலும் செய்வது இது. மூன்றாவது டபிள்யூடிஎஸ் என்னும் 4 முகவரி முறை. உண்மையான பிரிட்ஜ் இதுதான், ஆனால் இரு முனையும் அதை ஆதரிக்க வேண்டும். வேறொருவரின் ரூட்டரில் அது அமைவது அபூர்வம்.

இணையம் கிடைத்தால் போதும் என்றால் நாட் முறையைத் தேர்ந்தெடுங்கள். கெட்டுப்போக அதில் இருப்பது குறைவு. வைஃபையில் உள்ள ஃபோன்களும் லேப்டாப்களும் கேபிளில் உள்ள பிரிண்டரையோ நாஸையோ தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் மட்டும் பிரிட்ஜ் தேவை.

எந்தக் கருவி?

பயண ரூட்டர் எனப்படும் உள்ளங்கை அளவுப் பெட்டிகள் இந்த வேலைக்கே செய்தவை போலப் பொருந்தும். ஜிஎல்.ஐநெட், டிபி-லிங்க் போன்றவை இவற்றைச் செய்கின்றன. வாங்கும்போது பார்க்க வேண்டியவை: 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ உண்டா, ஈதர்நெட் போர்ட் கிகாபிட்டா, மோட் பட்டியலில் 'கிளையன்ட்', 'ரிப்பீட்டர்', 'டபிள்யூஐஎஸ்பி' ஆகியவற்றில் எது இருக்கிறது. ஒரே போர்ட் உள்ள மாடல்களும் உண்டு. அந்தப் போர்ட் வானாகவும் (இணையம் உள்ளே வரும் பக்கம்) லேனாகவும் (உங்கள் கருவிகள் சேரும் பக்கம்) மாறும் என்பதால் மோடைச் சரியாக வைக்காவிட்டால் கேபிளில் ஒன்றும் வராது.

சுவர் சாக்கெட்டில் செருகும் ரேஞ்ச் எக்ஸ்டென்டர்களில் போர்ட் இருந்தால் அதுவும் போதும். ஆனால் மலிவான பல எக்ஸ்டென்டர்களில் அந்தப் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே. அட்டைப்பெட்டியில் 1200 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது இரண்டு ரேடியோக்களின் லிங்க் வேகத்தைக் கூட்டிப் போட்ட கணக்கு. கேபிளில் 94 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வராது.

வீட்டில் மெஷ் வைஃபை, அதாவது பல பெட்டிகள் (நோடுகள்) சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் அமைப்பு, இருந்தால் நீங்கள் எதுவும் வாங்கவே தேவையில்லாமல் போகலாம். அருகில் உள்ள மெஷ் நோடின் பின்புறத்தைப் பாருங்கள். போர்ட் இருந்தால் கேபிளைச் செருகினால் போதும். நோடுகள் தங்களுக்குள் பேசும் முறையில் பிரிட்ஜ் பிரச்சினை தீர்க்கப்பட்டே இருக்கும்.

பரணில் கிடக்கும் பழைய ரூட்டரையும் பயன்படுத்தலாம். அதன் சொந்த மென்பொருளில் கிளையன்ட் மோட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏசுஸ் ரூட்டர்கள் பலவற்றில் அது 'மீடியா பிரிட்ஜ்' என்ற பெயரில் இருக்கும். இல்லையென்றால் ஓபன்டபிள்யூஆர்டி என்னும் இலவச மாற்று மென்பொருளை ஏற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். மீடியாடெக், குவால்காம் அதெரோஸ் சிப் உள்ளவற்றில் அது நன்றாக ஓடும். பிராட்காம் வைஃபை சிப் உள்ள பெரும்பாலான ரூட்டர்களில் வைஃபை பகுதி சரிவர வேலை செய்யாது. மாடல் எண்ணோடு ஹார்டுவேர் வெர்ஷனையும் சரிபார்க்காமல் ஏற்றாதீர்கள். ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு சிப் வைத்து விற்பது இந்தத் துறையில் சாதாரணம்.

இடம்

புதியவர்கள் பெரும்பாலும் கருவியை டெஸ்க்டாப்பின் பக்கத்திலேயே வைத்து 30 செ.மீ. கேபிளில் இணைக்கிறார்கள். அந்த மூலையில் சிக்னல் மோசம் என்பதுதானே முதல் பிரச்சினை! கேட்5இ கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட்டைக் குறையாமல் கொண்டுபோகும். வைஃபையோ இரண்டு சுவர் தாண்டினாலே சரிந்துவிடும். ஆகவே பெட்டியை சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் வையுங்கள்; மீதித் தூரத்துக்குக் கேபிளை இழுங்கள். 10 மீட்டர் கேபிள் செய்யும் நன்மையை விலை உயர்ந்த பெட்டி செய்யாது.

ஃபோனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றை நிறுவி, இடத்துக்கு இடம் டிபிஎம் அளவை (சிக்னலின் வலு) பாருங்கள். –50 அருமை. –65 வரை நிம்மதியாக ஓடும். –70க்குக் கீழே போனால் வேகம் ஏறி இறங்கும். –80இல் இணைப்பு நின்று நின்று வரும். 5 கிகாஹெர்ட்ஸ் –67க்குள் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ். இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 4 கருவி 2.4இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 144 எம்பிபிஎஸ் லிங்க் காட்டும். கையில் கிடைப்பது அதில் பாதி அளவு. டிவியின் முதுகு, உலோக அலமாரி, மைக்ரோவேவ் அடுப்பு, தரை மட்டம் இவற்றைத் தவிருங்கள்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பாக வாங்குங்கள். 'சிசிஏ' என்று எழுதியிருந்தால் உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியம், மடித்தால் ஒடியும். கிராஸ்ஓவர் கேபிள் தேடி அலைய வேண்டாம், இப்போதைய போர்ட்கள் தாமாகவே மாற்றிக்கொள்ளும்.

ரூட்டரை அமைக்கும் முறை

1. பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, அதன் லேன் போர்ட்டிலிருந்து லேப்டாப்புக்குக் கேபிள் போடுங்கள். அமைப்பு வேலையைக் கேபிளில்தான் செய்ய வேண்டும். வைஃபையில் இருந்தபடி மோடை மாற்றினால், சேனல் மாறும் நொடியில் நீங்களே வெளியே தள்ளப்படுவீர்கள்.

2. லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, பெட்டியின் அடியில் அச்சிட்டுள்ள முகவரியை பிரவுசரில் திறங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. புதிய அட்மின் பாஸ்வேர்டு வையுங்கள். மென்பொருள் அப்டேட் இருந்தால் இப்போதே முடித்துவிடுங்கள்.

3. லேன் முகவரியை மாற்றுங்கள். மெயின் ரூட்டரும் 192.168.1.1, இதுவும் 192.168.1.1 என்றால் நாட் முறையில் எந்தப் பக்கம் அனுப்புவது என்று பெட்டிக்கே தெரியாது. வைஃபை இணைந்ததாகக் காட்டும், இணையம் மட்டும் வராது. 192.168.73.1 போல யாரும் எளிதில் வைக்காத எண்ணாகக் கொடுங்கள். சேமித்ததும் புதிய முகவரியில் மறுபடி உள்ளே வர வேண்டும்.

4. மோடைத் தேர்ந்தெடுங்கள். நாட் வேண்டும் என்றால் 'டபிள்யூஐஎஸ்பி', 'ஹாட்ஸ்பாட் ரூட்டர்', சில பெட்டிகளில் 'ரிப்பீட்டர்' என்று இருக்கும். பிரிட்ஜ் வேண்டும் என்றால் 'கிளையன்ட்' அல்லது 'பிரிட்ஜ்'. பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 'ரிப்பீட்டர்' இன்னொன்றின் 'கிளையன்ட்'. லேனில் செருகிய கணினிக்கு எந்த வரிசையில் ஐபி வருகிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

5. ஸ்கேன் கொடுத்து உங்கள் வைஃபையைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டு இடுங்கள். 2.4க்கும் 5க்கும் ஒரே பெயர் என்றால் பட்டியலில் இரண்டு வரிகள் தெரியும். சேனல் எண் 36 அல்லது அதற்கு மேல் உள்ளதுதான் 5 கிகாஹெர்ட்ஸ். பிஎஸ்எஸ்ஐடியை (அந்த ஒரு ரேடியோவின் அடையாள எண்) பூட்டும் வசதி இருந்தால் பூட்டுங்கள். இல்லையென்றால் மின்வெட்டுக்குப் பின் பெட்டி 2.4இல் போய் ஒட்டிக்கொண்டு, 'நேற்று வரை நன்றாக இருந்ததே' என்று உங்களைத் தேட வைக்கும்.

6. பெட்டி தானாகப் பரப்பும் வைஃபையை மட்டும் அணையுங்கள். உங்களுக்குத் தேவை கேபிள் மட்டும். ஒரே ரேடியோ வாங்கவும் கொடுக்கவும் செய்தால் அந்த நேரம் பாதியாகப் பகிரப்படுகிறது. வேகமும் ஏறக்குறைய பாதியாகும்.

7. ரீஸ்டார்ட் செய்து, 2 நிமிடம் பொறுத்து, லேப்டாப்பில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கேபிளை உரிய கருவிக்கு மாற்றுங்கள். பல கருவிகள் என்றால் இடையில் ஒரு சாதாரண சுவிட்ச் போதும்.

ஓபன்டபிள்யூஆர்டியில் இதே வேலை: 'நெட்வொர்க்' மெனுவில் 'வயர்லெஸ்', 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு எதிரே 'ஸ்கேன்', பிறகு 'ஜாயின் நெட்வொர்க்'. ஃபயர்வால் ஸோனாக 'வான்' இருக்கட்டும். அது கேட்காமலே நாட் முறையை அமைத்துவிடும். போலி பிரிட்ஜ் வேண்டும் என்றால் ரிலேடி என்ற தொகுப்பை நிறுவ வேண்டும்.

பிரிட்ஜ் மோடில் ஒரு விஷயம் கவனம். அமைத்து முடித்ததும் பெட்டியின் பழைய முகவரி திறக்காமல் போகலாம், ஏனென்றால் அதுவே இப்போது மெயின் ரூட்டரிடம் ஐபி வாங்கியிருக்கும். பதறி ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டாம். மெயின் ரூட்டரைத் திறக்க முடிந்தால் அதன் பட்டியலில் புதிய ஐபி இருக்கும். முடியாதென்றால், லேப்டாப்புக்கு அந்தப் பழைய வரிசையில் ஒரு நிலையான ஐபி கொடுத்துத் திறந்து பாருங்கள்; பல பெட்டிகள் அதற்கும் பதில் சொல்லும்.

லேப்டாப்பையே பாலமாக்குவது

தற்காலிகத் தேவைக்கு எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸில் கண்ட்ரோல் பேனலின் 'நெட்வொர்க் கனெக்ஷன்ஸ்' பக்கத்தைத் திறந்து, வைஃபை அடாப்டரில் ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ஷேரிங்' டேப். முதல் கட்டத்தில் டிக் போட்டு, கீழே ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுங்கள். ஈதர்நெட் போர்ட் 192.168.137.1 ஆகிவிடும், மறுமுனைக் கருவிக்கு அதே வரிசையில் ஐபி தானாக வரும். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தபின் பகிர்வு சில சமயம் செத்துக் கிடக்கும். டிக்கை எடுத்து, ஓகே கொடுத்து, மறுபடி போட்டால் உயிர் வரும்.

மேக்கோஎஸ்ஸில் 'ஜெனரல்', 'ஷேரிங்', 'இன்டர்நெட் ஷேரிங்'. வைஃபையிலிருந்து எடுத்து ஈதர்நெட் அடாப்டருக்குக் கொடு என்று அமைக்க வேண்டும். லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜர் இருந்தால் கம்பி இணைப்பின் ஐபிவி4 பகுதியில் 'ஷேர்டு டு அதர் கம்ப்யூட்டர்ஸ்' என்று மாற்றினால் போதும், 10.42.0.1 வரிசை உருவாகும். மூன்றும் நாட் முறைதான். லேப்டாப் தூங்கினால் எல்லாம் தூங்கும். ஆகவே ஸ்லீப்பை அணைத்து வையுங்கள். யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் பயன்படுத்துபவர்கள் யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள்.

புதிதாக இயங்குதளம் நிறுவிய கணினியில் வைஃபை டிரைவரை இறக்க மட்டும் இணையம் வேண்டுமா? ஆண்ட்ராய்டு ஃபோனை வைஃபையில் இணைத்து, யூஎஸ்பி கேபிளில் கணினியோடு சேர்த்து, 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். பல ஃபோன்கள் மொபைல் டேட்டா இல்லாமலே வைஃபையையும் இப்படிக் கடத்தும். கணினிக்கு அது கம்பி இணைப்பாகவே தெரியும்.

லாகின் பக்கம் வரும் வைஃபை

விடுதி, விமான நிலையம் போன்ற இடங்களில் பாஸ்வேர்டு இல்லாமல் இணைந்து, பிரவுசரில் ஒரு பக்கத்தில் ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். பிரிண்டரிலோ டிவி பெட்டியிலோ அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது. நாட் முறை இங்கே கைகொடுக்கும்: பெட்டியின் பின்னால் லேப்டாப்பை இணைத்து ஒருமுறை லாகின் செய்தால், அனுமதி பெட்டியின் மேக் முகவரிக்கே கிடைக்கிறது. பின்னால் உள்ள எல்லாமே உள்ளே போய்விடும். பக்கம் திறக்கவில்லையென்றால் பெட்டியில் நீங்கள் வைத்த தனி டிஎன்எஸ்ஸை (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) எடுத்துவிட்டு, ஹெச்டிடிபிஎஸ் அல்லாத ஏதாவது முகவரியை அடித்துப் பாருங்கள்.

யூசர்நேமும் பாஸ்வேர்டும் தனித்தனியாகக் கேட்கும் கல்லூரி, அலுவலக வைஃபை வேறு ரகம். அது டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ். மலிவான எக்ஸ்டென்டர்களில் அதற்கான கட்டமே இருக்காது. ஓபன்டபிள்யூஆர்டியில் டபிள்யூபேட் தொகுப்பின் முழு வடிவத்தை நிறுவினால் முடியும். விண்டோஸ், லினக்ஸ் லேப்டாப் வழியாகவும் முடியும். மேக்கோஎஸ் இந்த வகை இணைப்பைப் பகிர மறுத்துவிடும். செய்வதற்கு முன் அங்குள்ள நெட்வொர்க் நிர்வாகியிடம் கேட்டுவிடுங்கள். உங்கள் கணக்கின் வழியே போகும் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. பல இடங்களில் சொந்த ரூட்டர் வைப்பதே விதிமீறல்.

சரிவராதபோது

உள்ளிருந்து வெளியே, ஒவ்வொரு படியாகப் பிங் கட்டளை கொடுத்துப் பதில் வருகிறதா என்று பாருங்கள். முதலில் நடுப்பெட்டியின் முகவரி, அடுத்து மெயின் ரூட்டர், அடுத்து 1.1.1.1 (இணையத்தில் உள்ள ஒரு பொது சர்வர்), கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எந்தப் படியில் நிற்கிறதோ கோளாறு அங்கே. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையென்றால் டிஎன்எஸ் மட்டும்தான் பிரச்சினை.

கணினிக்கு 169.254 என்று தொடங்கும் ஐபி வந்திருந்தால் டிஹெச்சிபி (தானாக ஐபி வழங்கும் சேவை) பதில் கிடைக்கவில்லை என்று பொருள். நாட் முறையில் பெட்டியின் டிஹெச்சிபி சர்வர் அணைந்திருக்கும், அல்லது கேபிள் வான் போர்ட்டில் செருகப்பட்டிருக்கும். பிரிட்ஜ் முறையில் மெயின் ரூட்டரின் பதில் திரும்பிவரும் வழியில் தொலைகிறது. கருவிக்கு நிலையான ஐபி கொடுத்துப் பாருங்கள். அப்போதும் வேலை செய்யாவிட்டால் அந்த ஜோடிக்குப் பிரிட்ஜ் ஒத்துவரவில்லை, நாட்டுக்கு மாறிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஸ்கேனில் உங்கள் வைஃபை தெரியவே இல்லையா? மெயின் ரூட்டர் 52 முதல் 144 வரையிலான டிஎஃப்எஸ் சேனல்களில் ஒன்றில் இருக்கலாம்; பல மலிவுப் பெட்டிகள் அங்கே போகாது. அந்தச் சேனல்களில் ரேடார் சிக்னல் தட்டுப்பட்டால் ரூட்டர் சட்டப்படி இடம் மாற வேண்டும் என்பதால், எப்போதாவது ஒரு நிமிடம் வரை இணைப்பு விட்டுப்போவதும் உண்டு. தெரிகிறது, ஆனால் சேர மறுக்கிறது என்றால் டபிள்யூபிஏ3 என்னும் புதிய பாதுகாப்பு முறையை மட்டும் வைத்திருக்கலாம். பழைய பெட்டிக்கு டபிள்யூபிஏ2-வும் கலந்த அமைப்பு வேண்டும்.

வேகம் சரியாக 94 எம்பிபிஎஸ்ஸில் முட்டி நின்றால் அது வைஃபையின் குறையல்ல. போர்ட் 100 எம்பிபிஎஸ், அல்லது கேபிளில் ஒரு ஜோடி அறுந்திருக்கிறது. கிகாபிட்டுக்கு 4 ஜோடிகளும் வேண்டும். 100க்கு 2 போதும். கேபிளை மாற்றிப் பார்த்தால் எது என்று தெரியும்.

கேம் கன்சோல் 'ஸ்ட்ரிக்ட் நாட்' என்று முணுமுணுத்தால் பெரும்பாலும் இரட்டை நாட்தான் (மெயின் ரூட்டரில் ஒன்று, நடுப்பெட்டியில் ஒன்று) காரணம். பிரிட்ஜுக்கு மாறுங்கள், அல்லது மெயின் ரூட்டரிலும் நடுப்பெட்டியிலும் அடுத்தடுத்து போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே திருப்பிவிடுவது) செய்யுங்கள். ஃபோனில் பிரிண்டர் தெரியாததற்கும் நாட் காரணமாகலாம், ஏனெனில் கருவிகளைத் தேடும் எம்டிஎன்எஸ் அழைப்பு ரூட்டரைத் தாண்டாது. பிரிட்ஜிலும் தெரியவில்லையென்றால் மெயின் ரூட்டரில் வைஃபை கருவிகளைப் பிரித்து வைக்கும் 'ஏபி ஐசோலேஷன்' போடப்பட்டிருக்கும். அல்லது நீங்கள் சேர்ந்திருப்பது கெஸ்ட் வைஃபையாக இருக்கும். கெஸ்ட் வைஃபையின் வேலையே ஒருவரை ஒருவர் பார்க்கவிடாமல் செய்வதுதான்.

ஐபி ஃபோன், கேமரா போன்றவை கேபிளைச் செருகியும் விழிக்கவே இல்லை என்றால், அவை கேபிளிலிருந்தே மின்சாரம் எதிர்பார்க்கும் பிஓஇ கருவிகள். பயண ரூட்டர்கள் பொதுவாக அதைத் தராது. நடுவில் ஒரு பிஓஇ இன்ஜெக்டர் போட வேண்டும், கருவிக்கு ஏற்ற வாட் அளவு பார்த்து. வேக்-ஆன்-லேன் வழியாகத் தூங்கும் கணினியை எழுப்புவது போலி பிரிட்ஜில் பெரும்பாலும் நடக்காது. அது கட்டாயம் தேவை என்றால், மெயின் ரூட்டரை மாற்றவும் உங்களுக்கு அனுமதி இருந்தால், இரு முனையிலும் ஓபன்டபிள்யூஆர்டி போட்டு, அங்கே 'ஆக்சஸ் பாயின்ட் (டபிள்யூடிஎஸ்)', இங்கே 'கிளையன்ட் (டபிள்யூடிஎஸ்)' என்று வையுங்கள்.